கர்னலில் ஓட்டை: ரீபூட்டா, லைவ் பேட்சா, வழியை மட்டும் அடைப்பதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "இப்போதைக்கு ரீபூட் செய்ய முடியாது. வேறு என்ன செய்யலாம்?" நியாயமான கேள்வி. ஆனால் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இதற்கு விடை பிடிபடாது. எல்லா விவரமும் வெளியே தெரிந்துவிட்ட ஓர் ஓட்டையை எடுத்துக்கொண்டு, அன்று கையில் இருந்த நான்கு வழிகளையும் அதன் மேல் வைத்துப் பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது சி.வி.இ-2022-0185 (ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). கர்னலின் ஃபைல்சிஸ்டம் பகுதியில் இருந்த நினைவகப் பிழை. 2022 ஜனவரி 18 அன்று வெளியானது. கண்டுபிடித்தவர்கள் குரூசேடர்ஸ் ஆஃப் ரஸ்ட் என்ற சி.டி.எஃப் (ஹேக்கிங்) போட்டிக் குழுவினர். கர்னல் ஓட்டைகளுக்குப் பரிசு தரும் கூகுளின் கே.சி.டி.எஃப் திட்டத்தில், ஒரு கன்டெய்னருக்குள்ளிருந்து (நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் அடைப்பு) வெளியே வந்து காட்டி 31,337 டாலர் பரிசும் வாங்கினார்கள்.

ஓட்டை எப்படிப்பட்டது

எந்த வழி எதை அடைக்கிறது என்று புரிய, பிழையின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்யும்போது (இயந்திரத்தோடு இணைக்கும்போது) விருப்பங்களை ஒவ்வொன்றாகக் கர்னலிடம் கொடுக்கலாம். பழைய முறையில் எழுதப்பட்ட ஃபைல்சிஸ்டம்களுக்கு, இப்படி வரும் விருப்பங்களைக் காற்புள்ளி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக 4096 பைட் இடத்தில் கர்னல் சேர்த்துவைக்கும். புதிதாக ஒன்று வரும்போது இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அந்தச் சோதனை கழித்தலாக எழுதப்பட்டிருந்தது: 4096-இல் 2-ஐக் கழி, இதுவரை நிரம்பியதைக் கழி, வருவது அதைவிடப் பெரியதாக இருந்தால் மறுத்துவிடு.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெயரே இல்லாத ஒரு விருப்பம், மதிப்பு 33 எழுத்து. காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 35 பைட். 117 முறை சேர்த்தால் 4095. கடைசி முறைகூடச் சோதனையைச் சரியாகவே தாண்டுகிறது. அதற்கு அடுத்த முறை 4094-இலிருந்து 4095-ஐக் கழித்தால் -1 வர வேண்டும். ஆனால் இது எதிர்ம எண்ணே இல்லாத வகை. அதனால் 64 பிட் இயந்திரத்தில் 18446744073709551615 என்று வருகிறது. அவ்வளவு இடம் இருப்பதாகக் கர்னல் நம்பிவிடுகிறது. அதன்பின் வருவதெல்லாம் பக்கத்து நினைவகத்தில் போய் விழுகிறது. தாக்குபவர் அங்கே தனக்கு வேண்டியதை எழுதி ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆகிவிடலாம்.

திருத்தம் ஒரே வரி. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் பார்த்தார்கள்: நிரம்பியது, வருவது, 2, மூன்றும் சேர்ந்து 4096-ஐத் தாண்டுகிறதா? அவ்வளவுதான். 2019-இல் வந்த 5.1 கர்னலில் நுழைந்த பிழை, 5.16.2-இல் இப்படிச் சரியானது.

இந்தப் பாதையைத் தொட ஒரு நிபந்தனை உண்டு. தாக்குபவருக்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும், ஆனால் உண்மையான நிர்வாகியாக இருக்க வேண்டியதில்லை. சாதாரணப் பயனர் தனக்கென்று ஒரு யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர் அதிகாரங்களுக்கான தனி வட்டம்) உருவாக்கிக்கொண்டால், அதற்குள் அவரே நிர்வாகி. அது போதும். டெபியன் 11, உபுண்டு 20.04 போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் யார் வேண்டுமானாலும் அப்படி உருவாக்க இயல்பாகவே அனுமதி இருந்தது.

எதை வைத்து எடைபோடுவது

முதலிலும் முக்கியமாகவும் பார்க்க வேண்டியது, அந்த இயந்திரத்தில் யாருடைய நிரல் ஓடுகிறது என்பது. இது உள்ளே இருந்துகொண்டு தாக்கும் ஓட்டை. நீங்கள் மட்டும் லாகின் செய்யும் டேட்டாபேஸ் சர்வரில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால், தாக்குபவர் முதலில் வேறொரு ஓட்டை வழியாக உள்ளே வந்தாக வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் நிரலை ஓட்டிக்கொடுக்கும் பில்ட் சர்வர், பல வாடிக்கையாளர்கள் பகிரும் ஹோஸ்டிங், மாணவர்கள் லாகின் செய்யும் கல்லூரி ஆய்வக சர்வர் ஆகியவற்றில் தாக்குபவர் ஏற்கனவே உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓட்டைதான், ஆனால் ஒருவருக்கு ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது, இன்னொருவருக்கு ஒரு இரவுகூட இல்லை.

அடுத்தது, பிழை போகிறதா, அல்லது பிழைக்குப் போகும் ஒரு வழி மட்டும் அடைபடுகிறதா என்பது. பிறகு, இதைச் செய்தால் வேறு என்ன உடையும் என்பது. நான்காவது, பலர் கேட்க மறப்பது: செய்தது செய்தபடியே இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்தும் சரிபார்க்க முடியுமா?

புதிய கர்னல் போட்டு ரீபூட் செய்வது

பிழையை முழுவதுமாக அகற்றும் வழி இது. செலவு என்று எல்லோரும் சொல்வது டவுன்டைம். என் அனுபவத்தில் டவுன்டைம் சிறிய செலவு. பெரிய செலவுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன.

கர்னலுக்கு வெளியே தனியாக பில்ட் ஆகும் மாட்யூல்கள் ஒன்று. என்விடியா டிரைவரோ இசட்.எஃப்.எஸ் ஃபைல்சிஸ்டமோ புதிய கர்னலுக்கு பில்ட் ஆகாமல் போயிருந்தால், இயந்திரம் எழுந்துவரும், ஆனால் ஜி.பி.யூ இருக்காது, டிஸ்க் இருக்காது. டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருந்தால் பாஸ்பிரேஸ் கொடுக்க கன்சோலில் ஆள் வேண்டும். டேட்டாபேஸின் கேஷ் காலியாகிவிடுவதால் எழுந்த பிறகும் சிறிது நேரம் எல்லாம் மெதுவாக இருக்கும். பெரிய நினைவகம் உள்ள பிசிக்கல் சர்வர்களில் ஃபர்ம்வேர் சோதனைகளே பல நிமிடம் பிடிக்கும். ஓடும் கர்னலிலிருந்து நேராகப் புதிய கர்னலுக்குத் தாவும் கெக்செக் வழியாக அதைத் தாண்டலாம், ஆனால் எல்லா ஹார்டுவேரும் அதற்கு ஒத்துழைக்காது.

இன்னொரு ஆபத்து ஓசையில்லாதது. நான் கவனித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் எல்லா சர்வர்களிலும் அப்டேட் தானாக நடந்துகொண்டிருந்தது, அறிக்கைகளும் பச்சையாகவே இருந்தன. ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் எது என்று கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் பல மாதம் பழைய கர்னலில் ஓடிக்கொண்டிருந்தன. புதியது டிஸ்கில் பத்திரமாக இருந்தது, யாரும் ரீபூட் செய்யவில்லை. பேக்கேஜ் பட்டியலைப் பார்த்து "பேட்ச் போட்டாச்சு" என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பதிப்பு எண்ணை வைத்து "நமக்கு இது இல்லை" என்று முடிவு செய்வதும் அதே போலத்தான். பிழை 5.1-இல் வந்தது, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.இ.எல் 8 லினக்ஸின் கர்னல் 4.18, ஆகவே தப்பித்தோம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரெட் ஹேட் புதிய வசதிகளைப் பழைய கர்னலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். அப்படி 8.4 முதல் இந்தப் பிழையும் சேர்ந்தே வந்துவிட்டது. வழங்குநரின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும், எண்ணை அல்ல.

ரீபூட் எப்போது சிறந்தது? ஒரே வேலையைச் செய்யும் பல இயந்திரங்கள் இருந்தால், யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொன்றாகக் காலி செய்து, ரீபூட் செய்து, திரும்பச் சேர்த்துக்கொண்டே போகலாம், வெளியே யாருக்கும் தெரியாது. ஒரே இயந்திரம்தான், அதுவும் இரவில் பயனர் இல்லாதது என்றாலும் இதுதான்.

லைவ் பேட்ச்

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் பிழையுள்ள ஃபங்ஷனை மட்டும் மாற்றுவது. எம்.ஐ.டி.யில் பிறந்த கேஸ்பிளைஸ் என்ற கருவியை 2011-இல் ஆரக்கிள் வாங்கியது. 2014-இல் சூசே கேகிராஃப்டையும் ரெட் ஹேட் கேபேட்சையும் கொண்டுவந்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-இல் 4.0 கர்னலிலேயே சேர்ந்தது. பழைய ஃபங்ஷனின் வாசலில் ஒரு திருப்பம் வைத்து, அழைப்பைப் புதிய ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடும்.

நம் ஓட்டைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மாறியது ஒரு சிறிய ஃபங்ஷனில் ஒரு வரி. தரவு அமைப்பு எதுவும் மாறவில்லை. அந்த ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைக்கப்படுவதால், கம்பைலர் அதை வேறு ஃபங்ஷனுக்குள் கரைத்துவிட்டிருக்குமோ என்ற கவலையும் இல்லை. எல்லா ஓட்டையும் இப்படி அமையாது. கர்னல் வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரில் புதிய புலம் சேர்க்க வேண்டியிருந்தால், பூட்டுகளின் வரிசை மாற வேண்டியிருந்தால், லைவ் பேட்ச் எழுதுவது கடினம். சில நேரம் வழங்குநரே "இதற்கு ரீபூட்தான்" என்று சொல்லிவிடுவார்.

மறைந்திருக்கும் செலவுகளில் பணம் கண்ணுக்குத் தெரிவது. பெரும்பாலும் சந்தாவோடுதான் இது வரும். உபுண்டு ப்ரோ தனிநபருக்கு 5 இயந்திரம் வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம். கண்ணுக்குத் தெரியாதது, ஒவ்வொரு லைவ் பேட்சும் குறிப்பிட்ட கர்னல் பில்டுக்காகச் செய்யப்படுகிறது என்பது. வழங்குநர் ஒரு பில்டை குறிப்பிட்ட காலம் வரைதான் ஆதரிப்பார். நீங்களே பில்ட் செய்த கர்னலுக்கு யாரும் தரமாட்டார்கள். பதிப்பைக் கேட்டால் பழைய எண்ணையே காட்டும் என்பதால் தணிக்கை ஸ்கேனர் மறுபடி மறுபடி சிவப்புக் காட்டும், அதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய் இயந்திரம் தானாக எழுந்தால், லைவ் பேட்ச் மறுபடி ஏறும்வரை பழைய பிழையோடுதான் ஓடும்.

நள்ளிரவில்கூட நிறுத்த முடியாத ஒற்றை இயந்திரம், வாரக்கணக்கில் ஓடும் கணக்கீடு, நூற்றுக்கணக்கான மெய்நிகர் இயந்திரங்களைச் சுமக்கும் ஹோஸ்ட் ஆகியவற்றுக்கு இதுவே சரியான தேர்வு. அடுத்த மெயின்டனன்ஸ் விண்டோவில் ரீபூட் உண்டு என்ற தேதியோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் இன்னும் சரி.

யூசர் நேம்ஸ்பேஸை நிறுத்துவது

ரெட் ஹேட் அன்று சொன்ன தற்காலிக வழி இதுதான்: யூசர் நேம்ஸ்பேஸ்களின் உச்ச எண்ணிக்கையை 0 ஆக்கிவிடுங்கள், கன்டெய்னர் ஓடாத இயந்திரமாக இருந்தால். டெபியனிலும் உபுண்டுவிலும் சாதாரணப் பயனருக்கு மட்டும் தடுக்கும் தனி அமைப்பு உண்டு. ஒரு வரி, சில விநாடி, ரீபூட் வேண்டாம். பரபரப்பான இரவில் இதைவிட நல்லது எதுவும் இல்லை என்று தோன்றும்.

இரண்டு அமைப்புகளும் ஒன்றல்ல என்பதை முதலில் கவனியுங்கள். எண்ணிக்கையை 0 ஆக்குவது ரூட்டையும் சேர்த்தே தடுக்கிறது. அடுத்து, இரண்டுமே புதிதாக உருவாவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கனவே உருவான நேம்ஸ்பேஸுக்குள் ஒரு நிரல் உட்கார்ந்திருந்தால் அதன் அதிகாரம் அப்படியே இருக்கும். பகிரப்படும் சர்வரில் இந்த வரியை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவதற்கு முன், அப்படி எதுவும் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும்.

உடைபவற்றின் பட்டியல் நீளமானது. ரூட் இல்லாமல் கன்டெய்னர் ஓட்டும் போட்மேன் நிற்கும். செயலிகளை நிறுவி ஓட்டும் ஃபிளாட்பேக்கும் பல இயந்திரங்களில் நிற்கும். குரோமியம் பிரவுசர், அதன் மேல் எழுதப்பட்ட எலெக்ட்ரான் செயலிகள் தங்கள் சாண்ட்பாக்ஸுக்கு (ஆபத்தான நிரலை அடைத்துவைக்கும் கூண்டு) யூசர் நேம்ஸ்பேஸைத்தான் நம்பியிருக்கின்றன. ரூட் அதிகாரத்தோடு ஓடும் செட்-யூ.ஐ.டி உதவி நிரல் கூடவே இல்லையென்றால் அவை திறக்காது. திறக்கவில்லை என்றதும் பயனர் என்ன செய்வார்? இணையத்தில் தேடுவார், சாண்ட்பாக்ஸ் இல்லாமல் ஓட்டும் தேர்வைச் சேர்த்துவிடுவார், வேலையைத் தொடர்வார். டெவலப்பர்களின் மடிக்கணினிகளில் இது நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கர்னல் ஓட்டையை அடைக்கப்போய், உலகத்தின் எல்லா வலைப்பக்கங்களுக்கும் முன்னால் பிரவுசரின் கவசத்தைக் கழற்றிவைத்திருந்தோம். கர்னல் அமைப்பைப் பிறகு திருப்பிவிட்டோம். அந்தத் தேர்வு எத்தனை ஷார்ட்கட்களில் மிச்சமிருக்கிறது என்று தேடி எடுக்கத்தான் நாளானது. பிரவுசர் ஓடும் இயந்திரத்தில் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

வழியை அடைப்பதற்கும் பிழையை அகற்றுவதற்கும் உள்ள தூரத்தை வேறு இரண்டு ஓட்டைகள் நன்றாகக் காட்டுகின்றன. 2021 ஜூலையில் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் வெளியிட்ட சீகுவோயா ஓட்டையும் ஃபைல்சிஸ்டம் பகுதிதான். மொத்தப் பாதையின் நீளம் 1 ஜி.பி.யைத் தாண்டும்படி ஃபோல்டருக்குள் ஃபோல்டராக உருவாக்கினால் எண் வகை மாற்றத்தில் கர்னல் தடுமாறும். அதற்கும் யூசர் நேம்ஸ்பேஸை நிறுத்தச் சொன்னார்கள், ஆனால் தாக்குபவர், சாதாரணப் பயனரே ஃபைல்சிஸ்டம் இணைக்க உதவும் ஃபியூஸ் வழியாக மவுண்ட் செய்து வரலாம் என்றும் குவாலிஸே கூடவே எழுதியது. 2022 மார்ச் 7-இல் வந்த டர்ட்டி பைப் என்ற கர்னல் ஓட்டைக்கு யூசர் நேம்ஸ்பேஸே தேவைப்படவில்லை. ஜனவரியில் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டவர்களில் பலர், ஏழு வாரத்தில் எப்படியும் புதிய கர்னலுக்குப் போக வேண்டியிருந்தது.

இது பொருந்தும் இடமும் உண்டு. கன்டெய்னரோ பிரவுசரோ இல்லாத, பலர் ஷெல்லில் லாகின் செய்யும் சர்வர். பேட்ச் இன்னும் வரவில்லை, அல்லது ரீபூட்டுக்கு நாளைதான் அனுமதி. அங்கே இன்றிரவே இதைச் செய்யுங்கள்.

கன்டெய்னர்களுக்கு செக்காம்ப்

கன்டெய்னருக்குள்ளிருந்து எந்த சிஸ்டம் கால்களை (கர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள்) அழைக்கலாம் என்று வடிகட்டுவது செக்காம்ப். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் இயல்பான வடிகட்டி புதிய நேம்ஸ்பேஸ் உருவாக்குவதையும், இந்தத் தாக்குதலுக்குத் தேவையான மவுண்ட் அழைப்புகளையும் கூடுதல் அதிகாரம் இல்லாத கன்டெய்னருக்கு மறுக்கிறது. ஆகவே வெறும் டாக்கரில் இந்த ஓட்டை பெரும்பாலும் எட்டாமலே இருந்தது.

பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் கதை வேறு. நீங்கள் சொன்னால் ஒழிய அது பாட்களுக்கு (கன்டெய்னர்களின் சிறு தொகுப்புகள்) வடிகட்டியைப் போடுவதில்லை. எல்லா பாட்களுக்கும் இயல்பாகப் போடும் வசதி 1.22-இல் சோதனையாக வந்து 1.27-இல் நிலைபெற்றது, இன்றும் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். டாக்கரில் பாதுகாப்பாக ஓடிய அதே இமேஜ், குபர்னெட்டிஸுக்குப் போனதும் திறந்த வீடாகிவிடுகிறது.

இதில் ஒரு கணக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். வடிகட்டி புதிதாகத் தொடங்கும் கன்டெய்னருக்குத்தான் பொருந்தும், ஓடிக்கொண்டிருப்பதற்கு அல்ல. எனவே எல்லா பாட்களையும் மறுபடி உருவாக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவர், நோடை (கிளஸ்டரில் உள்ள ஓர் இயந்திரம்) காலி செய்து புதிய கர்னலில் ரீபூட் செய்துவிடலாமே! வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டை வெளியான இரவுக்கான மருந்தாக செக்காம்பை நான் பார்ப்பதில்லை. அது முன்பே இருந்திருக்க வேண்டியது, இல்லையென்றால் ரீபூட்டோடு சேர்த்துப் போட வேண்டியது. முழு அதிகாரத்தோடு ஓடும் கன்டெய்னர்களுக்கு இந்த வடிகட்டி கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். யார் யாருக்கு அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க நல்ல சந்தர்ப்பமும் இதுவே.

ஒரே பார்வையில்

| வழி | பிழை போகுமா | மறைந்த செலவு | எங்கே சிறந்தது |
|---|---|---|---|
| ரீபூட் | போகும் | வெளி மாட்யூல், என்கிரிப்ட் டிஸ்க் | மாற்று இயந்திரம் உள்ள எல்லா இடத்திலும் |
| லைவ் பேட்ச் | ஓடும் கர்னலில் போகும் | சந்தா, பில்டின் ஆயுள், ஸ்கேனர் தொல்லை | நிறுத்த முடியாத ஒற்றை இயந்திரம் |
| நேம்ஸ்பேஸ் தடை | போகாது | சாண்ட்பாக்ஸ் உடைவது | பிரவுசர், கன்டெய்னர் இல்லாத பகிர்வு சர்வர், சில நாள் |
| செக்காம்ப் | போகாது | எல்லா பாட்களும் மறுபிறவி எடுப்பது | கன்டெய்னர் கிளஸ்டர், நிரந்தரமாக |

நானாக இருந்தால்

அந்நியர் நிரல் ஓடும் பில்ட் சர்வர்களை அன்றிரவே ரீபூட் செய்வேன். பாதியில் நிற்கும் பில்டுகளை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். கிளஸ்டர் நோடுகளை அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக. பகிர்வு ஷெல் சர்வரில் உடனே நேம்ஸ்பேஸ் தடை, வார இறுதியில் ரீபூட், அதே அமர்வில் தடையை நீக்குவது. நான் மட்டும் தொடும் டேட்டாபேஸுக்கு லைவ் பேட்ச் இருந்தால் போட்டுவிட்டு, வழக்கமான மெயின்டனன்ஸ் விண்டோவுக்குக் காத்திருப்பேன். லைவ் பேட்ச் இல்லையென்றாலும் அதற்குத்தான் காத்திருப்பேன், ஆனால் அதன் முன்னால் நிற்கும் வெப் சர்வருக்கு முன்னுரிமை கொடுத்து.

"சரி, 2022 கதை இப்போது எதற்கு?" என்று கேட்கலாம். அமெரிக்காவின் சி.ஐ.எஸ்.ஏ அமைப்பு, உண்மையான தாக்குதல்களில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது 2024 ஆகஸ்டில். பேட்ச் வந்து இரண்டரை வருடத்துக்குப் பிறகு. இன்று மாலை நேரம் கிடைத்தால் உங்கள் ஒவ்வொரு இயந்திரத்திலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்பு, கடைசியாக ரீபூட் ஆன தேதி.